மாடி அறையில் இருக்கும் மூவர் பற்றி சித்தப்பாவுக்கு விளக்கம்

பெரம்பலூர்,
மார்கழி 12.

மதிப்பிற்குரிய சித்தப்பா மணிவேல் அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் மகள் வெற்றிச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், மாடியில் இருக்கும் மூன்று பேர், ஆக ஆறு பேரும் நலம். சிங்கப்பூரில் தங்கள் ஒருவரின் நலம் அறிய ஆறு பேருக்கும் ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் தாங்கள் மூன்று கேள்வி கேட்டீர்கள். யாரைக் கேட்டு என் மாடியில் ஆள் வைத்தீர்கள், அவர்களால் மாதம் என்ன செலவு, எப்போது காலி செய்வார்கள். மூன்றுக்கும் நான் "சரிங்க சித்தப்பா" என்றேன். அது பதில் ஆகாது என்பது போனை வைத்த பிறகுதான் தெரிந்தது. "டிகிரி முடிச்சவ நீ ஒருத்திதான், விவரமா எழுதி அனுப்பு" என்றீர்கள். எனக்கும் வாயைவிட எழுத்துதான் வசதி. எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தை பத்தாம் தேதி திருமழபாடியிலிருந்து தங்களுக்குப் பேசியிருக்கும் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள், அதற்குள் மாடி காலியாகாவிட்டால் தாங்கள் ஊருக்கே வரப்போவதில்லை என்று சொன்னதையும் மறக்கவில்லை. அம்மா மூன்று நாளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முதல் கேள்விக்குப் பதில், யாரையும் கேட்கவில்லை. முதலில் வந்தது ஆளும் இல்லை, ஒரு செங்கல். அப்பா இலங்கைத் தமிழர் முகாமில் கொத்தனார் வேலை பார்ப்பது தங்களுக்குத் தெரியும். அங்கே பழைய வீடுகளை வரிசையாக இடித்துப் புது வீடு கட்டுகிறார்கள். எந்த வீட்டை இடித்தாலும் அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. விளக்கு மாடத்தின் அடிக்கல்லை முதலில் பெயர்த்து வீட்டுக்காரம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் கடப்பாறையைத் தொடுவார். ஆவணியில் அப்படி ஒரு கல்லை, இப்போது மாடியில் இருக்கும் யோகராணி அத்தை கையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்களாம். வாடகைக்கு ஏழு வீடு கேட்டு, முகாம் என்றதும் ஏழு இடத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அப்பா, "கல்ல மட்டும் எங்க வூட்டுல வச்சிட்டுப் போங்கம்மா" என்றிருக்கிறார். அன்று சாயங்காலம் கல் வந்தது. தங்கள் டிவி ஸ்டாண்டின் மேல் வைத்தோம். மறுநாள் கல்லுக்கு விளக்கேற்ற அத்தை வந்தார்கள். அதற்கு மறுநாள் ஒரு குட்டி யானை வண்டியில் பாத்திரம், அவர்கள் வீட்டுக்காரர் அழகேசன் மாமா, அவருடைய பெயிண்ட் டப்பா, ஏணி, மகள் பானுப்ரியா, அவளுடைய புத்தகங்கள் எல்லாம் வந்து இறங்கின. அம்மா வாசலில் நின்று, "என்னங்க இது?" என்றாள். அப்பா, "மூணே மாசம்" என்றார். அம்மா கேட்டது அது இல்லை.

"வந்தவங்களுக்கு எதுக்கு அவ்வளவு" என்று தாங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அதில்தான் எனக்குக் குழப்பம். நாம் விக்கிரமங்கலத்தை விட்டுப் பெரம்பலூர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அழகேசன் மாமா பத்து வயதில் படகில் வந்தவர். பானுப்ரியா பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தவள். அப்படிப் பார்த்தால் இந்த ஊருக்கு வந்தவங்க நாமதான். நாம வந்த புதுசுல பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம்னு அப்பா முதல்ல வழி கேட்டது ஏணியில நின்னு பெயிண்ட் அடிச்சிட்டிருந்த ஒருத்தர்கிட்டதானாம். அந்த ஆள் தானாத்தான் இருக்கும்னு மாமா சொல்றாரு. ஊர்ல எல்லா ஏணியிலயும் நீதான் நின்னியாக்கும்னு அப்பா சொல்றாரு.

இரண்டாவது, செலவு. இதை எழுத ஒரு நோட்டே வாங்கினேன், அதுவும் செலவுதான். கரண்டு பில் முன்னே ஒன்றும் வராது, இப்போது ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. தேங்காய் மாதம் ஆறு வாங்கினோம், இப்போது முப்பத்தொன்று. சொதிக்கு, சம்பலுக்கு, புட்டுக்கு என்று அத்தைக்குத் தேங்காய் இல்லாமல் அடுப்பே எரியாது. இது செலவு என்று எழுதினேன். ஆனால் முகாமில் அவர்களுக்குத் தரும் அரிசியை அத்தை நம்ம டிரம்மிலேயே கொட்டிவிடுகிறார்கள், நாம் அரிசி வாங்கி நாலு மாசம் ஆச்சு. இது வரவா? அப்புறம் அந்த ரெண்டாயிரம். முதல் மாசம் மாமா நாலு ஐநூறு ரூபாய் நோட்டை அப்பாகிட்ட நீட்டினாரு. அப்பா, "வூட்ட இடிச்ச கையால வாடகை வாங்கச் சொல்றியா?"ன்னு கத்திட்டாரு. மறுநாள் அந்தப் பணம் அரிசி டிரம்முக்குள்ள இருந்துச்சு. அம்மா அதை எடுத்து பானுப்ரியா பையில வச்சா. அது சாமி படத்துக்குப் பின்னாடி வந்துச்சு. அப்பா அதை மாமாவோட சட்டைப் பாக்கெட்ல போட்டாரு. ஒரு நோட்டுல பச்சை பெயிண்ட் கறை இருக்கறதால அதே பணம்தான்னு எனக்கு நல்லாத் தெரியும். நாலு மாசத்துல அது பதினோரு தடவை மாடிப்படி ஏறி இறங்கியிருக்கு. இதை எந்தப் பக்கம் எழுதறது? கடைசியில மாமா, "காசு வேண்டாமெண்டா சுவரையாவது தாங்கோ அண்ணை, ஊரெல்லாம் அடிக்கிறன், இருக்கிற வீட்டை அடிக்கேலாதா?"ன்னாரு. அதுக்கும் அப்பா ஒத்துக்கல. அந்தச் செங்கல் கூட மூணு வாரமா டிவி ஸ்டாண்டுல இல்ல. அம்மா கிரைண்டருக்கு முட்டுக் குடுத்திருப்பான்னு நெனைச்சு நான் கேக்கல.

செலவில் சேராத ஒன்றையும் சொல்ல வேண்டும். கார்த்திகையில் ஒரு நாள் காலையில் அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. அப்பா வேலைக்குப் போய்விட்டார். நான் எந்த நம்பருக்குப் போன் பண்ணுவது என்று போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். யோகராணி அத்தைதான் அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்குத்தான் முகாமில் ஆள் கணக்கு எடுக்கிற நாள். வெளியே தங்கியிருப்பவர்களும் நேரில் போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாத உதவிப்பணம் நின்றுவிடும். அத்தை ஏன் வரவில்லை என்று சொல்வதற்கு பானுப்ரியாவோட நான் போனேன். வரிசையில எங்க முறை வந்துச்சு. ஆபீஸர் என்னைப் பாத்து, "குடும்பத்துல எத்தனை பேரு?"ன்னாரு. நான் பானுப்ரியா பக்கம் திரும்பினேன். பானுப்ரியா, "சார், அம்மாவுக்கு வர முடியல சார், ஒரு பேஷண்ட கூட்டிட்டு ஜிஹெச் போயிட்டாங்க"ன்னு கணீர்னு சொன்னா. அவரு அவளைப் பாத்து, "நீ இந்தப் பொண்ணுக்குத் துணைக்கு வந்தியாம்மா? நல்ல மனசு. எந்தத் தெரு?"ன்னுட்டு, என்னைப் பாத்து, "ஏம்மா, வெளியில தங்கறதுக்கு அனுமதி வாங்குனியா?"ன்னாரு. நம்ம வீட்டுல நான் தங்க யார்கிட்ட அனுமதி வாங்கினேன்னு ஒரு நிமிஷம் நெசமாவே யோசிச்சேன் சித்தப்பா. "இல்லைங்க சார்"னு சொல்லிட்டேன். "மனு எழுதிக் குடு"ன்னாரு. பானுப்ரியா சிரிப்பை அடக்க முடியாம என் பின்னாடி ஒளிஞ்சுகிட்டா. அப்புறம் அவ தன்னோட முகாம் அட்டையை எடுத்து நீட்டினதும்தான் எல்லாம் சரியாச்சு. திரும்பி வர்றப்ப அவ சிரிக்கல. "ஒருநாள்தானே உன்னைக் கேட்டாங்க"ன்னு மட்டும் சொன்னா. நானும் அவளும் ஒண்ணாத்தான் குரூப் ஃபோருக்குப் படிக்கிறோம். அவதான் எனக்குக் கணக்கு சொல்லித் தர்றா. ஆனா பரீட்சை நான் மட்டும்தான் எழுத முடியும், அவளுக்குக் குடியுரிமை இல்ல. அப்புறம் நீ ஏன் படிக்கிறேன்னு கேட்டேன். "நீ ஃபெயிலாகக் கூடாதுல்ல"ன்னா.

மூன்றாவது கேள்வி, காலி செய்வது. அவர்கள் வீடு இன்னும் முடியவில்லை. தினமும் அப்பாவைக் கேட்கிறேன், "பூச்சு காயல" என்கிறார். மார்கழிப் பனியில் எப்படிக் காயும்? ஆகவே தாங்கள் மனமிரங்கி இன்னும் ஒரே ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெண் வீட்டார் வரும் அன்று மாடியை நாங்களே சுத்தமாகக் காட்டுகிறோம். கேட்டால் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிடலாம் என்கிறாள் அம்மா. அது பொய் ஆகுமா என்று எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து அவர்களைப் போகச் சொல்லும்படி அப்பாவிடம் சொல்லாதீர்கள். அவர் மறுபடியும் அவர்கள் வீட்டை இடித்ததுபோல் ஆகிவிடும்.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கீழ் வீட்டு ஆசியும் மேல் வீட்டு அன்பும் தங்களைச் சேரட்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மகள்,
வெற்றிச்செல்வி

பி.கு: மேலே எழுதியதை மடித்து வைத்துவிட்டு மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டு முகாமுக்குப் போனேன். அவங்க வீடு பூட்டியிருந்துச்சு. ஜன்னல் வழியாப் பாத்தேன். பூச்சு காஞ்சு, வெள்ளையும் அடிச்சாச்சு. சுவத்துல புது மாடம், மாடத்துக்கு அடியில அந்தச் செங்கல். விளக்குல எண்ணெய் இருந்துச்சு. கல்லுல இருந்த கரி ஒரு நாள் கரி இல்ல.

வீட்டுக்கு வந்து எல்லாரையும் உக்கார வச்சுக் கேட்டேன், நானா கேட்டேன் சித்தப்பா. வீடு முடிஞ்சு மூணு வாரமாச்சாம். சாவி வாங்கின அன்னைக்கே மாமா கல்லைக் கொண்டுபோய்க் குடுக்க, அப்பாவே மாடத்துல வச்சுக் கட்டினாராம். "நான் முடிஞ்சுதுன்னு சொன்னா போங்கன்னு சொன்ன மாதிரி ஆயிடும், அவங்களே சொல்லட்டும்னு இருந்தேன்"னாரு அப்பா. "நாங்கள் சொன்னா எங்களை வைச்சிருந்த வீட்டை வேண்டாமெண்ட மாதிரியெல்லோ அண்ணை"ன்னாங்க அத்தை. அம்மாவுக்கும் தெரியுமாம், சமையல் நல்லா இருந்துச்சு, அதனால வாய் திறக்கலையாம். கணக்கு எழுதற எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லல.

ஆகவே மேலே உள்ள கோரிக்கையைத் தள்ளுபடி செய்யவும். நாளைக்கு அவங்க புது வீட்டுல பால் காய்ச்சறாங்க. பெண் வீட்டார் வர்றதுக்குள்ள நம்ம வீட்டை மேல கீழ முழுக்க அடிச்சுத் தர்றேன்னு மாமா ஏணியைச் சாத்திட்டாரு, அப்பா இந்தத் தடவை சரின்னுட்டாரு. பெயிண்ட் வாடை அம்மா இழுப்புக்கு ஆகாது. அதனால நாங்க மூணு பேரும் அவங்க வீட்டுல தங்கப் போறோம். வெளியாள் முகாமுல தங்கணும்னா அனுமதி வேணுமாம், மனுவை பானுப்ரியா எழுதிட்டா. எத்தனை நாள்னு ஒரு இடம் இருக்கு. அதுல என்ன எழுதறதுன்னு கேட்டா, அப்பா "மூணே மாசம்"ங்கறாரு.