அப்பாவின் கணினியில் நல்ல செய்தி மட்டும்

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தைக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். மாமாவிடம்கூட வேண்டாம். முக்கியமாக மாமாவிடம் வேண்டாம், ஏனென்றால் மாமாவிடம் ரகசியம் என்று சொன்னது எதுவும் அன்று சாயங்காலத்துக்குள் அப்பாவின் காதுக்கு வந்துவிடும். படித்து முடித்ததும் அழித்துவிடுங்கள். அழித்த பிறகு குப்பைத்தொட்டிக்குள்ளும் போய் அழியுங்கள், அது அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். இங்கே அனைவரும் நலம். அங்கே நீங்களும் மாமாவும் குட்டியும் நலமா? இங்குள்ள நலம் நாளைக் காலை வரைக்கும்தான். அதற்குமேல் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

எல்லோரும் தூங்கியபிறகு அம்மாவின் தையல் அறைக்கு வந்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்து, தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு இதைத் தட்டுகிறேன். தட்டும்போதே ஒவ்வொரு வரியையும் படித்துக்காட்டுகிற ஒன்றை நீங்கள் கணினியில் போட்டுக் கொடுத்தீர்களே, அம்மா அந்தக் குரலுக்கு வாசிப்பு மாமா என்று பேர் வைத்திருக்கிறாள். இன்றைக்கு நல்லவேளையாக வாசிப்பு மாமாவும் வாயைத் திறக்கவில்லை. மூலையில் அவருடைய அடையாளம் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது, சத்தம் இல்லை. பாவம், பகல் முழுக்க அம்மாவுக்குப் படித்துக் களைத்திருப்பார்.

நீங்கள் போனதடவை வந்தபோது உலாவியில் சின்னச் சின்னதாகச் சிலவற்றைச் சேர்த்துவிட்டுப் போனீர்கள். அதற்கு நீட்சி என்று பேர் சொன்னீர்கள். அம்மா ஒட்டுண்ணி என்கிறாள். உங்கள் ஒட்டுண்ணிகள் எல்லாமே நல்லவை, அத்தை, அவற்றின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விளம்பரத்தைத் தடுப்பது வந்தபிறகு அம்மா நிம்மதியாக ரவிக்கை மாதிரிகளைப் பார்க்கிறாள். முன்பெல்லாம் உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒன்று குதித்து வரும். அதை நம்பி ஒருநாள் வாசலில் இருந்த சைக்கிளை நகர்த்தச் சொன்னவள்தான் அவள். இப்போது கொஞ்ச நாளாக, "தினமும் ஒரு பொண்ணு வந்து பல் தேய்க்கச் சொல்லுமே, நல்ல பொண்ணு, அது எங்க போச்சோ" என்று கவலைப்படுகிறாள், அவ்வளவுதான். எழுத்தைப் பெரிதாக்குவதை அப்பா கற்றுக்கொண்டு, திரைக்கு நாலே சொல் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிப் படிக்கிறார். தவறி மூடிய பக்கத்தை மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தித் திரும்பக் கொண்டுவருவதையும் கற்றுக்கொண்டு, அக்கம்பக்கத்தில் எல்லாம் போய் யாருடைய பக்கமாவது மூடிக்கிடக்கிறதா என்று கேட்டுவிட்டு வருகிறார். இதுவரைக்கும் சரிதான். வினை என்னவென்றால், கடைசியாக ஒரு நீட்சியை நானாகத் தேடிப் போட்டேன்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று உங்களுக்குத் தெரியும். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், கோபத்தைக் குறைக்கச் சொன்னார். உப்பை அம்மா பார்த்துக்கொண்டாள். கோபத்தை யாரும் கவனிக்காததால் நான் எடுத்துக்கொண்டேன். அப்பா செய்தி படிப்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள், அவர் படிப்பதில்லை, சண்டை போடுவார். காலையில் கணினி முன்னால் உட்கார்ந்தால் கழுத்து நரம்பு புடைத்துவிடும். அப்போதுதான் இந்த நீட்சி கண்ணில் பட்டது. பக்கத்தில் ஒரு சொல் எங்கே வந்தாலும் அதற்குப் பதிலாக நாம் சொல்கிற சொல்லைக் காட்டும். நான் 'உயர்வு' என்று வந்தால் 'குறைவு' என்று காட்டச் சொன்னேன். 'தோல்வி' வந்தால் 'வெற்றி'. 'கனமழை' வந்தால் 'இதமான வெயில்'. ஒருநாள் யாருடைய மனுவையோ நிராகரித்துவிட்டார்கள் என்று அப்பா மேசையில் குத்தித் தண்ணீர் தம்ளரைக் கவிழ்த்ததால், 'நிராகரிக்கப்பட்டது' என்பதற்கு 'ஏற்கப்பட்டது' என்றும் 'வருந்துகிறோம்' என்பதற்கு 'மகிழ்கிறோம்' என்றும் சேர்த்துவைத்தேன். மாத்திரையைப் பாலில் கலந்து கொடுப்பார்களே, அந்த மாதிரி நினைத்துத்தான் செய்தேன் அத்தை. சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

முதல்நாள் அப்பா செய்தியைப் படித்துவிட்டு, நாட்டுக்கு நல்லகாலம் பிறந்துவிட்டது என்று இன்னொரு டீ கேட்டார். அதோடு நின்றிருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் எண்ணெய் விலை குறைவு என்று படித்த கையோடு பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய்விட்டார். கடைக்காரர் விலை ஏறியிருக்கிறது என்கிறார், அப்பா இறங்கியிருக்கிறது என்கிறார், கடைக்காரர் தன் போனை எடுத்துக் காட்டுகிறார், அப்பா "உன் போன்ல உனக்குத் தோதாத்தான் வரும்" என்கிறார், வாங்க வந்தவர்கள் எல்லாம் வாங்குவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அன்று சாயங்காலம் கடைக்காரர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணனுக்கு எதுவும் மனக்கஷ்டமா அண்ணி" என்று விசாரித்திருக்கிறார். அடுத்து இதமான வெயில். அப்பாவோடு கிடங்கில் வேலை பார்க்கும் பக்கத்து மேசைக்காரர் எந்த நாளும் குடையில்லாமல் வரமாட்டார், அப்பா அவருக்குக் குடைக்காரர் என்றே பேர் வைத்திருக்கிறார். இதமான வெயிலுக்கு எதற்குய்யா குடை என்று காலையில் அவரைக் கேலி செய்த அப்பா, சாயங்காலம் அதே குடையின் பாதியில் நனைந்துகொண்டு வீடு வந்தார். வாடிக்கையாளருடைய ஆறு ரவிக்கைகளை மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த அம்மா, அன்று பேசிய பேச்சை எழுத முடியாது. அதற்கப்புறம் விளையாட்டுச் செய்தி. அப்பாவுடைய அணிக்கும் வெற்றி, எதிரணிக்கும் வெற்றி. இரண்டு பேரும் ஜெயிக்கிற மாதிரி ஆட்டத்தை மாற்றிவிட்டார்களாம் என்று அப்பா முடிதிருத்துபவரிடம் போய் அடித்துச் சொல்லியிருக்கிறார். கன்னத்தில் கத்தி இருக்கும்போது வாதாடக் கூடாது என்பது அப்பாவுக்குத் தெரியவில்லை. காதுக்குக் கீழே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கே எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மறுநாள் டாக்டர் அழுத்தம் பார்த்துவிட்டு, நன்றாக இறங்கியிருக்கிறது, வீட்டில் என்ன செய்கிறீர்களோ அதையே விடாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். டாக்டரே சொன்னபிறகு நான் எப்படி நிறுத்துவது, நீங்களே சொல்லுங்கள்.

இனிமேல்தான் அசல் விஷயம். அப்பா கிடங்கில் துணைப் பொறுப்பாளராகவே எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். பழைய பொறுப்பாளர் ஓய்வுபெறுகிறார் என்றதும் அந்த இடத்துக்கு அப்பா விண்ணப்பித்திருந்தார். போன வாரம் ஒருநாள் அப்பா வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கணினியில் உட்கார்ந்து தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலைத் திறந்தார். அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பின்னால் நின்றாள். தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்பதைத் தெரிவிக்க மகிழ்கிறோம் என்று திரையில் சுவர் எழுத்து மாதிரிப் பெரிதாக இருந்தது. குண்டூசி எல்லாம் தரையில். அடுத்த வரியில், அடுத்த ஆண்டு தாங்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்ததற்கு அம்மா, "பாருங்க, இதுக்கும் மேல ஒரு பதவி வச்சிருக்காங்க, இப்பவே சொல்லிவைக்கிறாங்க" என்றாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அம்மா சொன்னாள்.

 அப்பா கை கழுவப் போனதும், நீட்சி எதுவும் வேலை செய்யாத மறைநிலைச் சாளரம் ஒன்றைக் காட்டிக்கொடுத்தீர்களே, அதைத் திறந்து அதே மின்னஞ்சலைப் பார்த்தேன். நிராகரிக்கப்பட்டது. வருந்துகிறோம். நான் பதற்றத்தில் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினேன். ஏன் அழுத்தினேன் என்று தெரியவில்லை. அம்மா எப்போதோ மூடிய ரவிக்கைக் கழுத்து மாதிரிப் பக்கம் ஒன்று திரும்ப வந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அம்மா தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. அப்பா யாரிடமும் இப்போது சொல்லாதே என்று கெஞ்சினார். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு, அவருடைய பணிவையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் போய்ப் புது ஷூ வாங்கி வந்துவிட்டாள். பதவி வந்ததிலிருந்து அப்பாவும் அப்படியே மாறிவிட்டார் அத்தை. செய்தி படிப்பதில்லை, யாரோடும் சண்டை இல்லை, அந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். நான் நேற்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். என்ன என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவரும் ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி வாயைத் திறந்து, நல்லா படி என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம், கணினியில் வருவதெல்லாம் உண்மை இல்லை என்று ஆரம்பித்துப் பார்த்தேன். "அப்போ பரீட்சைக்கு அதுலதான் படிக்கிறேன்னு சொன்னியே, அது?" என்று கேட்டாள். 

நாளைக் காலையில் புதுப் பொறுப்பாளர் நாற்காலியில் உட்காருகிறார். அந்த நாற்காலியில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கும். பழைய பொறுப்பாளர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருவதை எல்லோரும் அதிகாரத் தோரணை என்று நினைத்தார்களாம், ஆணி விஷயம் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கேட்டதிலிருந்து அம்மா வந்த வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு, நீலத் துணியில் பஞ்சு அடைத்து அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்திருக்கிறாள். ஓரத்தில் சரிகை வேறு. இதோ என் பக்கத்தில்தான் இருக்கிறது. நாளைக்கு அப்பா இதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, புது ஷூ கிறீச்சிட, எல்லோரும் பார்க்க உள்ளே போவார். நாற்காலியில் குடைக்காரர் உட்கார்ந்திருப்பார், அப்பாவைத் தவிர விண்ணப்பித்தவர் அவர் மட்டும்தான். அத்தை, அந்த நிமிஷத்தில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு நான்தானே காரணம்.

அதனால் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அப்பா கிளம்புவதற்கு முன்னால் எப்படியாவது போன் செய்து சொல்லிவிடுங்கள். உங்கள் அண்ணன் நீங்கள் சொன்னால் கேட்பார். தலைமை அலுவலகம் தவறாக அனுப்பிவிட்டது என்று சொல்லுங்கள், கம்பி அறுந்துவிட்டது என்று சொல்லுங்கள், என்னைப் பற்றி மட்டும் சொல்லாதீர்கள். அந்த நீட்சியை இப்போது அணைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் என் வருத்தம் எல்லாம் உங்களுக்கு மகிழ்ச்சியாகத் தெரிந்துவிடுமோ என்று பயம். மற்றவற்றைத் தொடவில்லை.

பக்கத்து அறையில் அப்பாவின் குறட்டை ரொம்ப நேரமாகக் கேட்கவில்லை. யாரோ மெல்லப் பேசுகிற மாதிரி இருக்கிறது. அப்பா கணினியின் கம்பியில்லாத உருண்டை ஒலிபெருக்கியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்கிறார்போல. சாயங்காலம் வரைக்கும் அது இங்கே தையல் மேசையில்தான் இருந்தது. அம்மா இருமுகிறாள். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லாதீர்கள், எப்போது எழுதினாள் என்று கேட்பார். குட்டிக்கு என் முத்தங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிலை, இல்லை, பதில் வேண்டாம், போன் மட்டும் போதும். கதவை யாரோ தட்டு

பி.கு.

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. நீ போன் செய்ய வேண்டாம். உன் மருமகள் எழுதியதை எல்லாம் வாசிப்பு மாமா எங்கள் தலைமாட்டில் இருந்த உருண்டை ஒலிபெருக்கி வழியாக, யாரிடமும் காட்டிவிடாதீர்கள் என்ற வரியிலிருந்து, தெளிவான உச்சரிப்போடு படித்துக்கொண்டிருந்தார். நானும் உன் அண்ணியும் எழுந்து உட்கார்ந்து முழுவதும் கேட்டோம்.

எனக்கு இடம் கிடைக்கவில்லை என்று அன்று மதியமே தெரியும். குடைக்காரரே என் மேசைக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தால் மகிழ்கிறோம் என்று இருந்தது. என்னை வேண்டாம் என்பதில் இவர்களுக்கு இத்தனை மகிழ்ச்சியா என்று நினைத்தேன். ஏற்கப்பட்டது என்பதைப் பார்த்ததும் கண்தான் போய்விட்டது என்று முடிவு செய்தேன். அதற்குள் பின்னாலிருந்து உன் அண்ணி குதித்தாள். அவள் அப்படிக் குதித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு ஷூவை மாட்டிக்கொண்டு போய் என் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வந்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் தூக்கமில்லாமல் கிடந்தேன். வாசிப்பு மாமா என் வேலையைச் செய்துவிட்டார்.

உன் அண்ணி அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாம்னு இருந்துச்சே, அந்த வரியாவது நிஜமா?" அது நிஜம்தான் என்றேன். சரி என்று படுத்துவிட்டாள். கதவைத் திறந்ததும் அழுது தீர்த்த உன் மருமகள், இப்போது அந்த நீல மெத்தையில் தலை வைத்துத் தூங்குகிறாள். அவளைத் திட்டவில்லை. டாக்டர் சொன்னதையும் நான் மீற முடியாது, ஆகையால் அந்த ஒட்டுண்ணி செய்திப் பக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு பக்கத்துக்கு மட்டும் வைக்க வழி இருந்தால் எழுது. காலையில் முதல் வேலையாகக் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அந்த ஆணி இன்னும் நாற்காலியில் அப்படியேதான் இருக்கிறது, மெத்தையை வீணாக்க மனமில்லை. கொட்டுகிற மழையில் பாதிக் குடை தந்த மனிதர், அதனால் நாளைக்கே அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். சாயங்காலம்.