கியர்பொக்ஸுக்குள் போன தண்ணி

ஸ்ரீதரன் ஒயில் பார்க்கிற கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். கம்பியில் ஒயில் இல்லை. பால்தேத்தண்ணி நிறத்தில் ஏதோ வழிந்தது.

அறுபது வயதுப் பழைய ட்ராக்டர் அது. சட்டன் ஊரில் அவருடைய வீட்டுப் பின்வளவில் மூன்று மாதமாக மழையில் நின்றது. கியர்க்கம்பைச் சுற்றியிருந்த றபர் கிழிந்து, அதற்குள்ளால் தண்ணி இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை குளிர் மைனஸ் ஐந்துக்கு இறங்குமாம். அடியில் நிற்கிற தண்ணி உறைந்து பொங்கினால் கியர்பொக்ஸ் இரும்பு கீறிப்போகும். அதோடு ட்ராக்டரின் கதை முடிந்தது.

உடனே கராஜுக்குள் விடவேண்டும். கராஜோ மனைவி மெற்றில்டாவின் இராச்சியம். சட்டனில் எந்தப் பிறந்தநாளுக்கும் மட்டன் ரோல்ஸ் போவது அங்கேயிருந்துதான். இரண்டு பெரிய பிரீஸர்கள் நிற்கின்றன. "என்ர ட்ராக்டருக்கு இடம் விடும்" என்று கேட்கவும் வழியில்லை. இனி ஒரு பழைய இரும்பும் வாங்கமாட்டேன் என்று தேவாலயத்தில் வைத்துச் சத்தியம் செய்தவர். அதனால் நண்பன் ஒருவனின் பெயரை இழுத்து, "இது வெம்பிளிக் குருமூர்த்தியின்ர. ரெண்டு கிழமைக்கு நிக்கட்டுமாம்" என்று சொல்லித்தான் இறக்கியிருந்தார். அந்த ரெண்டு கிழமைதான் மூன்று மாதமாகியிருந்தது.

வெருட்டித்தான் இடம் எடுக்கவேண்டும் என்று முடிவெடுத்தார்.

"மெற்றில்டா, பயங்கரமான விசயம்."

"சொல்லுங்கோ." அவள் குசினி மேசையில் கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

"கியர்பொக்ஸுக்குள்ள தண்ணி. உறைஞ்சால் வெடிக்கும். இரும்புத்துண்டு குசினி யன்னலுக்கால வரும்!"

கத்தி நின்றது. "மாதாவே! அது மற்ற ஆக்கள்ர சாமான் எல்லோ?"

"அதுதானே! பழி எங்கட தலையில. கராஜுக்குள்ள விட்டால்..."

"நீங்கள் ஷிப்டுக்குப் போங்கோ. நான் பாக்கிறன்."

இவ்வளவு லேசாகவா! அன்று முழுக்க ஸ்ரீதரன் விசிலடித்துக்கொண்டே பஸ் ஓட்டினார். பஸ்ஸைத் தவறவிட்டு ஓடிவந்த ஒரு கிழவியை நிறுத்தி ஏற்றியும் விட்டார்.

பின்னேரம் வந்து கராஜைத் திறந்தார். பிரீஸர் இரண்டும் நின்ற இடத்தில் நின்றன. பின்வளவுக்கு ஓடினார். புல்லில் நாலு பள்ளம். ட்ராக்டர் இல்லை.

"கள்ளர்! கள்ளர்!" போனை எடுத்துப் பொலிசுக்கு இலக்கம் அழுத்தினார். மெற்றில்டா பின்கதவால் எட்டிப் பார்த்தாள்.

"ஏனப்பா பொலிசுக்கு அடிக்கிறியள்? நான்தான் லொறி பிடிச்சு அனுப்பினனான்."

"எங்க?"

"குருமூர்த்தி அண்ணையிட்ட. ஆற்ற சாமானோ அவையிட்டத்தானே போகவேணும்?"

ஸ்ரீதரன் அப்படியே ஈரப் புல்லில் குந்திவிட்டார்.

"பயப்பிடாதேங்கோ. அனுப்ப முதல் அடி நட்டைக் கழட்டித் தண்ணியை வடிச்சுப்போட்டன். தண்ணி ஒயிலுக்குக் கீழதான் நிக்கும், அதுதான் முதல்ல வரும். பிறகு பழைய ஒயிலையும் வடிச்சுப் புதுசு விட்டன். கியர்க்கம்புக்கு மேல பெரிய டின் ஒண்டு கவிட்டுக் கட்டியிருக்கு."

"உமக்கு... உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"கிளிநொச்சியில அப்பான்ர ட்ராக்டரை நான்தானே பாத்தனான். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லயே."

அவள் உள்ளே போனதும் குருமூர்த்திக்குப் போன் அடித்தார். "மச்சான்! அது என்ர ட்ராக்டர்!"

"எனக்குத் தெரியும். ஆனால் உன்ர மனிசி போனில, 'அண்ணை, இது உங்கடதாமே' எண்டு கேட்டா. நான் என்னண்டு உன்னைப் பொய்யனாக்கிறது? ஓம் எண்டிட்டன். இப்ப என்ர மனிசி துசியந்தி அதுக்குச் சந்தனம் வைச்சு மாலையும் போட்டிட்டா. நான் ரகசியமா வாங்கி அவவைத் திகைக்க வைச்சனாம். கலியாணத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் என்னைப் பாத்துச் சிரிச்சவ."

"திருப்பித் தாடா!"

"வந்து கொண்டுபோ. முதல்ல மெற்றில்டாவுக்கு உண்மையைச் சொல்லிப்போட்டு வா."

சொல்லத்தான் வேண்டும். ஸ்ரீதரன் குசினி வாசலில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"மெற்றில்டா, அந்த ட்ராக்டர்..."

"ஓமப்பா, சொல்ல மறந்திட்டன்." அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். "தோய்க்கப் போட்ட உங்கட கோட்டுக்குள்ள அதை வித்த ஆள் எழுதின பற்றுச்சீட்டு கிடந்தது. பிழையா உங்கட பேரைப் போட்டிருக்கிறான். அந்தப் பேரை வெட்டிப்போட்டு, குருமூர்த்தி அண்ணையின்ர பேரை எழுதி லொறியிலயே குடுத்துவிட்டனான்."