நிமிடப் பெட்டியில் அத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. முறைப்படி நலம் விசாரிக்க வேண்டும், விசாரித்ததாக வைத்துக்கொள். நான் நலமில்லை, களைத்துப்போயிருக்கிறேன்.

உன் பல் மருத்துவமனை வலைத்தளத்தில் அத்தானுக்கு ஒரே ஒரு பெட்டிதான் கொடுத்தேன். டாக்டரான உன்னைப் பார்க்க இன்னும் எத்தனை நிமிடம் ஆகும் என்று அதில் ஓர் எண்ணை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். 90 என்று அடித்தால் "ஒன்றரை மணி நேரம்" என்று பக்கத்தில் மாற்றிக் காட்ட, டேக் என்று ஒரு சின்ன நிரல் துணுக்கை நானே எழுதி வைத்தேன். ரிட்டயர் ஆன மனுஷன், வரவேற்பு மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று பாவம் பார்த்தது என் தப்பு. முதல் நாளே "இப்பத்தான் குளிக்கப் போயிருக்கா" என்று அடித்தார். எண்ணுக்குப் பதில் எழுத்து வந்ததும் டேக் திணறி, பக்கமே படுத்துவிட்டது. சரி, எண் இல்லையென்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளட்டும் என மாற்றினேன். மறுநாள் "இன்னிக்கு லீவு" என்று அடித்திருக்கிறார். பக்கம் அதைப் பூஜ்யமாக்கி "டாக்டர் உடனே பார்ப்பார்" என்று சொல்ல, பூட்டிய கதவுக்கு முன்னால் பதினோரு பேர் வீங்கிய கன்னத்தோடு நின்று என்னைத் திட்டினார்கள், நீ அவர்களைவிட நன்றாகத் திட்டினாய். கடைசியாக, தப்பாக அடித்தால் "தவறான பதிவு" என்று சிவப்பில் போட்டு, அடித்தது என்ன என்றும் பக்கத்திலேயே காட்டும்படி வைத்தேன். அதற்கு அவர் அதே பெட்டியில் பதில் எழுதுகிறார்: "மாப்ள, முப்பது வருஷம் ஆபீஸ் நடத்தினவன்கிட்ட அதிகாரம் பண்ணாதே." ஊரே படித்தது அக்கா.

போதும். இன்று காலை பெட்டியைப் பிடுங்கி நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். அந்தம்மா 40 என்றால் 40 தான். அத்தானிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. தலைகீழாக நின்றாலும் இந்த முடிவு மாறாது.

உன் கை ஓயாமலும் வருகிறவர்கள் பல் நோகாமலும் இருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது நர்ஸ் போன் செய்தார். "சார் இன்னிக்கு ஒண்ணும் எழுதலையே, உடம்பு சரியில்லையான்னு வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க." பிறகு அத்தானே பேசினார். திட்டவில்லை. "இனிமே நான் அங்க எதுக்கு வரணும், மாப்ள?" என்றார். நீ அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எண் வந்தால் மாற்றிக் காட்டும், எழுத்து வந்தால் அவர் அடித்ததை அப்படியே காட்டும். டேக்கையும் அப்படித் திருத்திவிட்டேன். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று சொன்னதும் மனுஷன் முதல் வேலையாக அடித்தது: 20.