பத்து லெட்டூசும் முப்பது ஆம்பியரும்

வாழ்க எய்சாகு! ஜப்பானிய அகிதாவின் வெண்பனிக் கோட்டத்தில் நாற்பதாண்டுகள் ரயில் கைகாட்டி காத்து, ஒரு வண்டியையும் தடம்புரள விடாத தகைமையோன். ஓய்வுபெற்றபின் லெட்டூஸ் என்னும் இலைக்கீரை வளர்க்கப் புகுந்து, சென்ற குளிர்காலத்தில் நூலினும் மெலிந்த இலைகளையே கண்டு நாணிய மானவீரன், வாழ்க!

ஜனவரியில் மாலை நான்கரைக்கே மலைக்குப் பின் ஓடி ஒளியும் கோழைக் கதிரவனை நம்பிப் பயனில்லை எனத் தெளிந்த அப்பெருமகன், பின்னறையில் சத்துநீர்த் தொட்டி அமைத்து, பத்து நாற்றுகளை அணிவகுத்து நிறுத்தி, செவ்வூதா விளக்கென்னும் இரண்டாம் சூரியனை மேலே தொங்கவிட்டு, நீரில் இரு கரிக்கோல்களை அமிழ்த்தி, வளர்ச்சியைத் தூண்ட எறும்புக்கடியினும் மெல்லிய மின்சாரத்தை வேர்களுக்கு ஊட்டலானான்.

அவ்வறைமேல் நெடுநாள் கண்வைத்திருந்த மனையாள் கினுயோ, தையல் எந்திரத்தின் தனிப்பெருந் தலைவி, சபதம் உரைத்தாள்:

"மாசக் கடைசிக்குள்ள பத்தும் சேர்ந்து ஒரு கிலோ வரலைன்னா ரூமைக் காலி பண்ணிடணும். என் மிஷின் அங்க வந்துடும்."

"வரலைன்னா நானே உன் மிஷினைத் தூக்கிட்டு வந்து போடறேன்!" என்று முழங்கினான் எய்சாகு.

அந்தோ, அம்மனைக்கு வாய்த்த மின்சாரமோ முப்பதே ஆம்பியர்! விளக்கு ஒளிர, சோற்றுக் குக்கர் கொதிக்க, போர்வை போர்த்திய கணப்பு மேசை கால்களைக் காய்ச்ச, கினுயோ மைக்ரோவேவின் பொத்தானைத் தொட்ட அக்கணமே சுவர்ப்பெட்டியின் விசை வெட்டுண்ட கொடிமரமெனத் தொப்பென விழுந்தது. வீடெங்கும் காரிருள்.

"யாரு மைக்ரோவேவைப் போட்டது?"

"நான்தான்! உங்க கீரைக்கு மட்டுந்தான் வயிறு இருக்கா?"

மூன்று மாலைகள் இவ்வாறே இருண்டன. நான்காம் நாள், தன் தசையை அரிந்து தராசிலிட்ட வேந்தனும் வெட்குமாறு, எய்சாகு கணப்பு மேசையின் பிளக்கைப் பிடுங்கினான். அன்றுமுதல் இரு கம்பளிக்கோட்டும் மூன்று காலுறையும் கவசமாகப் பூண்டு, பற்கள் பறையறைய, தும்மல்கள் முரசறைய, தன் கால்விரல்கள் மரத்தாலும் இலையொன்றும் வாடலாகாதென விளக்கடியில் வீற்றிருந்தான். கினுயோவோ வெந்நீர்ப் பையை அணைத்தபடி அவனை நோக்கியிருந்தாள்.

வந்தது மாதக்கடைசி. வேரை வெட்டி, பசுந்தளிர்ப் படையைச் சமையலறைத் தராசில் ஏற்றினான். முள் நடுங்கி, தயங்கி, நின்றது: தொள்ளாயிரத்து எண்பது கிராம். கைகாட்டி சாய்ந்ததுபோல் வீரன் தலை சாய்ந்தது.

"வேரை எதுக்கு வெட்டினீங்க?" என்றாள் கினுயோ.

"வேரை யாரு திங்கப்போறா?"

"கரண்டு குடிச்சது அதுதானே? இலையை மட்டும்னு நான் சொன்னேனா? அதையும் வைங்க."

வைத்தான். விரற்கடை தடித்த வெண்வேர்க் கற்றைகள் வீழ்ந்ததும் முள் ஒரு கிலோவைத் தாண்டிப் பாய்ந்தது! எய்சாகு வாய்திறந்து வெற்றிமுழக்கம் செய்யுமுன் அவள் அறைந்துரைத்தாள்:

"ரூமை வச்சுக்கோங்க. முதல்ல அந்த மேசையோட பிளக்கைச் சொருகுங்க, மூக்கு ஒழுகுது உங்களுக்கு!"

ஒளியும் மின்னும் ஈன்ற அவ்வரும்பெரும் வெற்றிக்கனியை, திசையெட்டும் வியக்க, ஒரே போர்வைக்குள் கால்நீட்டி இருவரும் உண்டனர்.

கீரை கொஞ்சம் கசந்தது.