கூரியர் கூலிக்கு அஞ்சியவன்

விலை எவ்வளவு சொன்னாலும் கொடுத்துவிடுவேன். ‘அனுப்பும் கூலி’ என்று தனியாக ஒரு வரி வந்தால் மட்டும் எனக்கு வயிறு எரியும். அதே தொகையை விலைக்குள் ஒளித்து வைத்து ‘டெலிவரி இலவசம்’ என்று போட்டிருந்தால் பல்லை இளித்துக்கொண்டு கட்டியிருப்பேன். (இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை. நீங்களும் கூடையை நிரப்பிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஓடிவந்தவர்தானே?)

என் மச்சினி ஷாலினியின் கல்யாணத்தில் இந்த வியாதி முற்றியது. பெண் வீட்டுப் பெண்கள் எட்டுப் பேரும் ஒரே மாதிரி சேலையில் நிற்க வேண்டும் என்பது கல்யாணப் பெண்ணின் ஆசை. சென்னையில் இருக்கும் ஓர் இணையக் கடையில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு சேலை அகப்பட்டது. எட்டுப் பேரும் ஒரே மூச்சில் தலையாட்டினார்கள். (எங்கள் குடும்பத்தில் அதுவே முதலும் கடைசியும்.) வாங்கும் பொறுப்பை நானே வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கடல் தாண்டி இருக்கும் எங்கள் கிள்ளான் வீட்டு முகவரியைத் தட்டியதும் கூரியர் கூலி வந்து நின்றது. அந்தப் பணத்துக்கு இன்னும் மூன்று சேலை வாங்கலாம். பக்கத்தை மூடினேன். மறுநாள் திறந்து பார்த்தேன், குறையவில்லை. எடைதான் காரணமோ என்று ஒரு சேலையைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எடுத்தது என் மனைவி கவிதாவின் சேலை என்று அவள் கண்டுபிடித்ததால் அந்த ஆராய்ச்சி பாதியில் நின்றது.

“சேலை பிடிச்சிருக்குன்னுதானே சொன்னீங்க?” என்றாள்.

“சேலை பிடிச்சிருக்கு. அது பிளேன்ல வர்றதுதான் பிடிக்கல. ஏன், கப்பல்ல வந்தா கரைஞ்சா போயிரும்?”

“கல்யாணத்துக்குள்ள வந்து சேருமாங்க?”

“என்கிட்டயா கேட்குற? நான் எங்க வேலை செய்றேன்?”

நான் எங்கள் ஊர்த் துறைமுகமான போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் குமாஸ்தா. கப்பலையே நான்தான் கண்டுபிடித்தது போல அப்போது எனக்கு ஒரு மிதப்பு. பலருடைய பெட்டிகளை ஒரே கண்டெய்னரில் சேர்த்து அனுப்பும் ஏஜென்ட் ஒருவரைச் சென்னையில் பிடித்தேன். கூலி கால்வாசிதான். அந்த வாரம் முழுக்க வீட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

கப்பல் சொன்ன நாளில் வந்துவிட்டது. அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் என் சேலைகளோடு பயணம் செய்த யாரோ ஒரு புண்ணியவான் தன் பெட்டியில் கணக்கில் காட்டாத தைலப் புட்டிகளை வைத்திருந்தார். சுங்கத்தில் மொத்தக் கண்டெய்னரையும் நிறுத்திவிட்டார்கள். என் மேசைக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அடுக்கடுக்காகக் கண்டெய்னர்கள். அவற்றில் ஏதோ ஒன்றுக்குள் எட்டுச் சேலைகள். கடல் தாண்டி வந்தவை ரோடு தாண்டி வர மறுத்தன.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை மழுப்பிவிட்டு, பிறகு உண்மையைச் சொன்னேன்.

“நான் கேட்டதே இது ஒண்ணுதானே மாமா,” என்று ஷாலினி அழுதாள். அவளுடைய அம்மா, அதாவது என் அத்தை, அழவில்லை. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து கிள்ளான் லிட்டில் இந்தியாக் கடைத்தெருவுக்கு ஓடினேன்.

“ஒரே கலர்ல எட்டா? இந்த மெரூன் மட்டும்தான்லா இருக்கு பாஸ்,” என்றார் கடைக்காரர். “நல்லா போற சேலை. இப்பதான் ஒருத்தங்க மொத்தமா எடுத்துட்டுப் போனாங்க.”

யார் அந்த ஒருத்தங்க என்று கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம். தாலி கட்டும்போது எட்டுப் பேரும் மெரூனில் மேடையோரம் நின்றார்கள். ஷாலினி என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். தப்பித்தோம் என்று பந்திக்குப் போனேன். சமையலறைக் கதவு திறந்தது. சோற்றுத் தாம்பாளமும் சாம்பார் வாளியுமாகக் கேட்டரிங் பெண்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோரும் மெரூன். அதே கரை, அதே முந்தானை.

“ஏங்க,” என்றாள் கவிதா. தன் முந்தானையைப் பிடித்து என்னிடம் காட்டினாள்.

மெரூன் சேலையில் பந்தி விசாரிக்க வந்த அத்தையை, மாப்பிள்ளையின் சித்தப்பா கைதட்டிக் கூப்பிட்டார். “அக்கா! எவ்வளவு நேரம்லா கூப்பிடுறது? இந்தப் பக்கம் ரசமே வரல!”

மண்டபத்தில் பாதிப் பேர் அத்தையிடம் படித்தவர்கள். இலையில் இருந்த கைகள் இலையிலேயே நின்றன. நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்தில் போன பெண்ணிடம் ரச வாளியை வாங்கி, அவருக்கு ரசம் ஊற்றினார். அந்த வரிசை முழுக்க ஊற்றினார். ஊற்றி முடித்து, வாளியோடு நேரே என் தூணுக்கு வந்தார்.

“மாப்பிள்ளை, ஒரு பந்திக்கு ரசம் டெலிவரி பண்ணிட்டேன். கூலியை யார்கிட்ட வாங்கிக்கணும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் போட்டோகிராபர் மைக்கைப் பிடித்து, “மெரூன் சேலை எல்லாரும் மேடைக்கு வாங்க!” என்று அழைத்தார். எல்லாரும் போனார்கள். கேட்டரிங் பெண்களும்தான். ஷாலினி மாலை நழுவும் அளவுக்குச் சிரித்தாள். அந்தப் படம் இன்றும் அவள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. நடுவில் வாளியோடு நிற்பவர் அத்தை.

அடுத்த வாரம் பெட்டி வந்தது. அது சுங்கத்தில் கிடந்த நாட்களுக்கான வாடகை, நான் மிச்சம் பிடித்த கூலியை விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது.

அத்தை வீட்டில் இப்போதும் சாப்பிட உட்கார்ந்தால், சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும். “மாப்பிள்ளை, ரசம் பிளேன்லயா, கப்பல்லயா?”

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார்கள். “பிளேன் அத்தை,” என்று மரியாதையாகச் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு முறை, என்னதான் செய்துவிடுவார் பார்ப்போமே என்று, “கப்பல்” என்று சொன்னேன். மோரும் முடிந்து, நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு ரசம் வந்தது.