வெள்ளையா நீலமா

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல, கீழ்வீட்டுத் தட்டச்சு அம்மா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே வேண்டிக்கொள்கிறேன். போகப் போக அந்த மனசு எனக்கு இருக்குமோ இருக்காதோ. கெட்ட வார்த்தை வந்தால் எழுத மாட்டேன் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். ஆகையால் கடிதம் சின்னதுதான்.

பெரிய பாலத்தின் நடுத்தூண் இறங்கி பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போனதே, சந்தைக் கட்டடத்துக்கு எவனோ கத்தரிக்காய் நிறம் அடித்து ஊரே சிரித்ததே, அந்த வருஷம்தான் உன் அக்கா போனாள். அதற்கப்புறம் நான் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. எழுந்து என்ன செய்ய என்று கிடந்தேன். பெரியவன் வந்து பார்த்து, "இப்படியே கெடந்தா துருப்பிடிச்சுப் போயிடுவீங்கப்பா" என்று ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். மனச்சோர்வு என்றார் அவர். எழுதிக்கொடுத்தது வெள்ளை மாத்திரை, நீட்டுவாக்கில். காலையில் ஒன்று, வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும் என்றார்.

இது சின்னவளுக்குத் தெரியாது. உன் அக்காவின் தையல் மெஷின் யாருக்கு என்பதில் அண்ணனும் தங்கையும் பேச்சை விட்டது உனக்கே தெரியும். மறுவாரம் அவள் தன் டாக்டரிடம் இழுத்துப்போனாள். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா ஐயா?" என்று அவர் கேட்க, நான் வாயைத் திறக்குமுன், "எங்க சாப்பிடுறாரு டாக்டர்? எங்கப்பாவ ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல" என்று இவள் முந்திக்கொண்டாள். வந்தது இளநீல மாத்திரை, உருண்டை. ஞாயிற்றுக்கிழமை அவன் அட்டையோடு வருவான், புதன்கிழமை இவள் அட்டையோடு வருவாள். நான் விழுங்கும் வரை நின்று பார்ப்பார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. நாற்பத்திரண்டு வருஷம் சுவருக்கு வண்ணம் அடித்தவனுக்கு வெள்ளை வேறு, நீலம் வேறு.

பொய் சொல்ல மாட்டேன், ஒரு மாதத்தில் எழுந்தேன். நானே முகம் வழித்துக்கொண்டேன். ஜன்னல் கட்டைக்கு ஒரு கை பெயிண்ட்கூட அடித்தேன். பிறகு ஆரம்பித்தது கூத்து. மட்டக்கோல் இல்லாமல் கோடு இழுத்த கை, டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் ஆடியது. வேர்த்துக் கொட்டியது, வயிற்றால் போனது, உட்கார முடியாமல் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து முட்டி வலித்தது. முட்டிக்கு மருமகன் தன் வலி மாத்திரையை நீட்டினான்: "சும்மா போடுங்க மாமா, நான் டெய்லி போடுறேன், செத்தா போயிட்டேன்?" நாலாம் நாள் பல் விளக்கினால் ரத்தம், வெளிக்குப் போனால் கறுப்பு. இதற்கு மேல் விவரம் வேண்டாம் என்கிறார் அம்மா.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஐயா, இது ரெண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேற. ரெட்டை அளவு போட்டிருக்கீங்க. இதோட வலி மாத்திரையும் சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியும். அதத் தொடாதீங்க. இதுல ஒண்ணு மட்டும் போடுங்க. பயந்துகிட்டு ஒரேயடியா நிறுத்திடாதீங்க." பெரியவன் சின்னவளைப் பார்த்தான், சின்னவள் பெரியவனைப் பார்த்தாள். பெற்றவன் வயிற்றில் ரத்தம் கசிந்த பிறகுதான் அதுகள் ஒன்றை ஒன்று நிமிர்ந்து பார்த்தன.

எந்த ஒன்று? ஆஸ்பத்திரி வாசலிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

"மொதல்ல பாத்தது என் டாக்டர். வெள்ளைதான்."

"ஒன் வெள்ளை என்னத்தக் கிழிச்சுது? நீலம் வந்தப்புறம்தான் மனுஷன் எந்திரிச்சாரு."

ஒரே மருந்து என்றது இரண்டு காதிலும் ஏறவில்லை. இது தீரும்வரை யாரும் எதையும் வாங்கித் தரக்கூடாது என்று முடிவு. ஒற்றுமை அதில் மட்டும். பத்து நாளாக மாத்திரை இல்லை. தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடிக்கிறது, தரை சாய்கிறது. அவர்களும் வருவதில்லை. நீ தாய்மாமன், உன் பேச்சுக்கு இரண்டும் அடங்கும். வந்து வெள்ளையா நீலமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.

உன் கை என்றைக்கும் நடுங்காமல் இருக்கட்டும். உன் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டியவன்
(இடது கைப் பெருவிரல்)

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. உறையை ஒட்டுமுன் இதையும் எழுதச் சொன்னேன். நீ வந்து தீர்ப்பு எதுவும் சொல்ல வேண்டாம். இன்று காலை தட்டச்சு அம்மாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய்வந்தேன். அதே மருந்து, தினம் ஒன்று, கடையில் இருந்தது மஞ்சள், நானே வாங்கி நானே போட்டுக்கொண்டேன். இரண்டும் ஒன்று என்பது எனக்கு முன்பே தெரியும். மருந்துக்கடைக்காரர் அட்டைகளைப் பார்த்து, "பெரியவரே, ஒண்ண நிறுத்துங்க, ஆபத்து" என்று நான் எழுந்து கடைக்குப் போன முதல் வாரமே சொன்னார். வெள்ளையை நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவன் நின்றுவிடுவான். நீலத்தை நிறுத்தினால் புதன்கிழமை வருகிறவள் நின்றுவிடுவாள். அதனால் விழுங்கினேன். கையில் அட்டை இல்லாமல், சும்மா என்னைப் பார்க்க இந்த வீட்டுக்கு வந்தவர்களைப் படுத்தபடியே எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஏணி பிடித்த கூட்டாளி, போய்விட்டான். எதிர்வீட்டு நாவிதர், போய்விட்டார். உன் அக்கா எங்கிருந்து வருவாள்? உயிரோடு மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான் மச்சான்.