இளைத்த கம்ப்யூட்டர்

வீட்டுக் கம்ப்யூட்டரை இளைக்க வைத்தே தீருவதென்று பொன்னுரங்கம் முடிவு கட்டினார். மீஞ்சூர் ஃபேக்டரிக்கு பஸ்ஸில் போய்வரும்போது போனில் வீடியோ பார்த்து வந்த ஞானம் அது. எந்தப் புரோகிராம் ஓடினாலும் அடியில் ஒரு லைப்ரரி கைகொடுக்க வேண்டுமாம். ஊரெல்லாம் வைத்திருப்பது ஊளைச்சதை பிடித்த பெரிய லைப்ரரியாம். இவர் சின்ன லைப்ரரி உள்ள சிஸ்டத்தைப் புது டிஸ்கில் ஏற்றி, பழைய டிஸ்கைக் கழற்றிப் போட்டார்.

கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்தது. பிரின்டர்தான் எழவில்லை.

அந்தப் பிரின்டரை வைத்துப் பழவேற்காட்டில் வீட்டிலேயே ஜெராக்ஸ் கடை நடத்துபவள் அவர் மனைவி வினோதினி. ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்கிற பாடு முறையை அச்சடித்துத் தருவதும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்துக்கு அந்தத் தாள் போகாவிட்டால் படகுக்குப் படகு சண்டைதான்.

“இன்னாயா பண்ணி வச்சிக்கிற?”

“பிரின்டர் கம்பெனிக்காரன் பெரிய லைப்ரரிய நம்பி புரோகிராம் பண்ணிக்கிறான். தப்பு அவன் மேல.”

“ஸ்கேனரும் ஓடல.”

“அவனும் அப்டிதான்.”

“ஊர்ல எல்லாரும் தப்பு. நீ ஒருத்தன்தான் கரெக்டு.”

“இப்பதான் உனக்குப் புரியுது. எவ்ளோ இலேசா இருக்குது பாரு. மெமரியே தின்றதில்ல.”

“வேலையே செய்யாதது இன்னாத்த தின்னும்?”

பொன்னுரங்கம் ராத்திரியெல்லாம் எதையெதையோ தட்டினார். மறுநாள் வேலை முடிந்து வந்தால் பிரின்டர் பாடுத் தாளைச் சுடச்சுடக் கக்கிக்கொண்டிருந்தது.

“நான் தட்டினது வேல செஞ்சிச்சா?”

“செஞ்சிச்சுயா.”

அதற்கப்புறம் அவர் கால் தரையில் படவில்லை. பக்கத்து வீட்டுப் பூபதியை இழுத்து வந்து உட்கார வைத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுக் காட்டினார்.

“உன்னுதையும் இப்டியே இளைக்க வச்சிடலாம், பூபதி.”

“இன்னாண்ணே, இன்னும் வரலியே?”

“வேகமா வர்றதால உனக்குத் தெரியல.”

ஒருவழியாகத் திரை வந்தது. பொன்னுரங்கம் புது சிஸ்டத்தில் போட்டிருந்த அவருடைய போட்டோவும் கூடவே வந்து இளித்தது. எந்த லைப்ரரி என்று காட்ட ஒரு கமாண்டைத் தட்டினார். பெரிய லைப்ரரியின் பெயர் வந்தது. மறுபடி தட்டினார். அதுவே வந்தது. திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“பழைய டிஸ்க்குயா அது,” என்றாள் வினோதினி, தாள் அடுக்கிக்கொண்டே. “நீ வேலைக்குப் போனதும் மாட்டிட்டேன். உனக்குத் தெரியாம இருக்க உன் போட்டோவையும் அதுல வச்சிட்டேன்.”

“அப்பவே சொல்லக் கூடாதா?”

“சொன்னா மறுபடியும் சரி பண்ண உக்காந்துடுவியே.”